இருநூற்றுப் பதினாறு பிடி

1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எட்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு அம்மா பாயிலிருந்து எழும்ப முயன்று, முடியாமல் மறுபடியும் படுத்தார். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்பா துறைமுகத்துக்குப் புறப்படுவதற்கு முன் தேநீர் கேட்கும் நேரம் அது. அடுப்பு எரியாமல் இருந்ததைக் கண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். அந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உடம்பு கொதித்தது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. பனி பட்டது. அஞ்சு நிமிசத்தில எழும்பிடுவன்.”

அந்த ஐந்து நிமிடம் பதினைந்து நாளாக நீண்டது.

நான் விடுமுறையில் வந்திருந்தேன். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு முடிந்திருந்தது. ஜனவரி இருபத்தாறாந் திகதி, சனிக்கிழமை, மாலைக்குள் விடுதிக்குத் திரும்பவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அதில் ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது: கூப்பன் புத்தகத்தை ஒப்படைக்காதவர்களுக்கு விடுதியில் இடமும் உணவும் இல்லை. அரிசி, மா, சீனி எல்லாம் ஒவ்வொருவருக்கும் உரிய கூப்பன் புத்தகத்துக்குத்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடைத்தன. விடுதியிலும் அதுவே சட்டம். தவணை தொடங்கும்போது புத்தகத்தைக் கொடுக்கவேண்டும், விடுமுறைக்கு வரும்போது வாங்கிவரவேண்டும். டிசம்பரில் நான் கொண்டுவந்த புத்தகத்தை வழக்கம்போல அம்மாவின் கையில் கொடுத்திருந்தேன்.

பாலையூற்றில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், பதினான்கு வயதுத் தங்கை, ஏழு வயதுக் கடைசித் தங்கை. ஐந்து பேர். அப்பா துறைமுகத்தில் நாட்கூலி. மாக்கப்பல் வந்தால் மூட்டை இறக்கும் வேலை இருக்கும். வாசலில் பெயர் கூப்பிடுவார்கள். கப்பல் இல்லாத நாட்களில் அந்த வாசல்வரை நடந்துபோய், நின்று, நடந்தே திரும்புவார். கப்பலின் அடித்தட்டில் சிந்திய மாவைக் கூட்டி அள்ளி இறுதி நாளில் தொழிலாளருக்குப் பங்கிடுவதுண்டு. சாக்கு நாரும் தூசியும் கலந்த அந்த மாவை அம்மா இரண்டு தரம் அரித்து ரொட்டி சுடுவார். மூன்றாந் தரம் அரித்தால் மா குறைந்துவிடும் என்பதால், பல்லில் நறநறக்கும் அளவு தூசியை எங்களுக்காகவே விட்டுவைப்பார் என்று தங்கை சொல்வாள்.

அதற்கு முந்திய ஆண்டின் கடைசியில் பங்கீட்டரிசி பாதியாகக் குறைந்தது. சீனியும் அப்படியே. தேநீரில் சீனி போடுவதை விட்டோம். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு மிடறுக்கும் நாக்கு நுனியால் தொட்டுக்கொண்டோம். வெளியில் ஒளித்து விற்ற அரிசி ஒரு கொத்து எட்டு ரூபாவுக்குப் போனது; அதுவும் எப்போதும் கிடைக்கவில்லை. ஓரிடத்து அரிசியை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது.

அம்மா இவ்வளவையும் எழுத்தில் இல்லாமல் நடத்தினார். சவர்க்காரக் கட்டியை நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டு தேய்ந்து முடியும்வரை மற்ற மூன்றையும் அலுமாரிக்குள் பூட்டிவைப்பார். ஒரு தேங்காய் இரண்டு நாளுக்கு. துருவிய பூவை மூன்று தரம் பிழிவார். நெருப்புக்குச்சி ஒரு நாளைக்கு ஒன்று. பிறகு தணலிலிருந்து தணல். இவற்றையெல்லாம் நான் பார்த்து வளர்ந்தேன். பார்த்தேனே தவிர, ஒருமுறையும் கேட்டதில்லை. எண்ணத் தெரியாதவர்கள் பழக்கத்தால் சமாளிக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அம்மா நான்காம் வகுப்புவரை படித்தவர்.

குசினி என் கைக்கு வந்த அன்றே செய்யுள் விளக்கங்கள் எழுதிய என் கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து கணக்கு எழுதத் தொடங்கினேன். அரிசியை அம்மா சுண்டால் அளப்பார். அது ஒரு பழைய சிகரெட் தகரப் பேணி, நான்கு சுண்டு ஒரு கொத்து. அம்மா குவித்தும் குவியாமலும் அளந்ததை நான் தலைதட்டி அளந்தேன். பெட்டகத்தில் நான்கு கூப்பன் புத்தகங்களே இருந்தன. என்னுடையது எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

“பதிவு மாத்தக் குடுத்திருக்கு. நீ போறதுக்கிடையில வந்திடும்.”

காய்ச்சல் கண்களை மூடிக்கொண்டு சொன்னார். விடுதியிலிருந்து வரும் புத்தகத்தில் முகவரி மாற்றுவதற்குக் கூப்பன் கந்தோரில் வாரக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியும். நம்பினேன். கொப்பியில் ‘ஐந்து பேர், நான்கு பங்கு’ என்று எழுதினேன்.

ஆசுபத்திரியில் கொடுத்த குளிசைகளைத் தின்றும் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. அம்மாவுக்குக் கஞ்சி வேண்டும். கப்பல் இல்லை. இரண்டாம் நாளே என் கணக்கு ஒத்துவரவில்லை; இருந்த அரிசி வெள்ளிக்கிழமைக்கு மேல் போகாது. அப்போதுதான் அந்தப் பானையை நினைத்தேன்.

குசினியின் மூலையில், கோடி அற்புதர் என்று நாங்கள் வணங்கும் புனிதரின் படத்துக்குக் கீழே, மூடிய மண்பானை ஒன்று எப்போதும் இருக்கும். மதியச் சோற்றுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை அம்மா எடுத்து அதற்குள் போடுவார். ஜூன் பதின்மூன்றாந் திகதி, புனிதரின் திருநாளன்று, சேர்ந்த அரிசியைக் கோயிலில் கொடுப்பார்கள். அங்கே ஏழைகளுக்குச் சமைத்துப் போடுவார்கள். எங்கள் கோயிலைச் சேர்ந்த அனேகமாக எல்லா வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. நேர்ந்த அரிசியை வீட்டார் தொடக்கூடாது.

ஒன்பதாந் திகதி காலை பானையைத் திறந்தேன். உள்ளே வண்டு பிடிக்கத் தொடங்கியிருந்தது. பாயில் கொட்டி, புடைத்து, வெயிலில் காயவைத்து, தலைதட்டி அளந்தேன். சரியாக இருபத்திரண்டு சுண்டு. ஐந்தரைக் கொத்து.

எடுத்தது தவறு என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். தெரிந்தது. அதற்கு ஒரு நியாயத்தையும் உடனே கட்டினேன்: இது ஏழைகளுக்கென்று வைத்த அரிசி, அந்தச் சொல்லின் பொருள் இந்த வீட்டை விலக்காது. வாக்கியம் அழகாக அமைந்திருந்தது. அதைக் கொப்பியில் எழுதவும் செய்தேன். பசியைப் பற்றி நான் படித்த செய்யுள்கள் எதிலும் ‘இத்தனை சுண்டு’ என்று ஒரு வரி இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரைச் சுண்டு வீதம் பதினான்கு நாளுக்குப் பிரித்துப் பட்டியல் போட்டபோது, அந்தச் செய்யுள்களை எழுதியவர்களைவிட நான் ஒரு படி உண்மைக்கு அருகில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து சோறு கூடியது. அம்மாவுக்கு இரண்டு வேளைக் கஞ்சி. கடைசித் தங்கை கோப்பையை வழித்து நக்குவதை நிறுத்தினாள்.

“அக்கா கொப்பியில எழுதினா அரிசி குட்டி போடும்போல கிடக்கு,” என்றாள் பதினான்கு வயதுத் தங்கை. பானையைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா இரண்டாந் தரம் சோறு வாங்கிக்கொண்டு சொன்னார்: “பரவாயில்லையே! உன்ர கொம்மா இருபது வருசமாய்ச் செய்யாததை நீ பத்து நாளில செய்துபோட்டாய். படிப்பெண்டால் இதுதான்.”

அம்மா அறைக்குள் படுத்திருந்தார். அவருக்குக் கேட்கும்படிதான் அப்பா பகிடியாகச் சொன்னார். அம்மா சிரித்திருப்பார் என்று நினைத்தேன்.

இருபத்து மூன்றாந் திகதி புதன்கிழமை முற்பகல் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. நான் மதியத்துக்கு அளந்து சுளகில் வைத்திருந்த அரிசியைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். எழும்பி நடந்ததும் முதல் செய்த வேலை அதுதான். பானையின் மூடியைத் திறந்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

“பிள்ளை, இதில இருந்த அரிசி எங்க?”

“சமைச்சிட்டன் அம்மா.”

“எல்லாமோ?”

“ஒரு சுண்டு மிச்சம் இருக்கு.”

கொப்பியை எடுத்து விரித்தேன். எந்த நாள் எவ்வளவு, ஏன், என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா கொப்பியைப் பார்க்கவில்லை. திண்ணைக் குந்தில் மெதுவாக அமர்ந்து, கையிலிருந்த அரிசியை மடியில் போட்டுக்கொண்டார்.

“அது ஆருக்கெண்டு வைச்சது, தெரியுமோ?”

“ஏழையளுக்கு.”

“ஏழையளுக்கில்லை. உனக்கு.”

பிறகு அம்மா சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். டிசம்பரில் விடுதியில் நான் வைத்திருந்த உணவுப் பாக்கியைக் கேட்டுக் கடிதம் வந்தது. நாற்பத்தெட்டு ரூபா. அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. ஒழுங்கை முனையில் இடியப்பம் அவித்து விற்கும் முஸ்லிம் பெண்ணான ராத்தாவிடம் என் கூப்பன் புத்தகத்தை ஈடு வைத்து அந்தக் காசை வாங்கி அனுப்பினார். என்னிடமோ, அப்பாவுக்கு இரண்டு கப்பல் வேலை கிடைத்த காசில் பாக்கியைக் கட்டியதாகச் சொன்னார். ராத்தா காசைத் திருப்பிக் கேட்கவில்லை. அரிசி கேட்டார். ஜனவரி இருபத்தைந்தாந் திகதி ஆறு கொத்து அரிசி கொடுத்தால் புத்தகம் திரும்பும். அதுவரை அந்தப் புத்தகத்தின் வாரப் பங்கு ராத்தாவுக்கு. பதிவு மாற்றக் கொடுத்த கதை பொய். கோடி அற்புதரின் அரிசியைத்தான் கொடுப்பதென்று அம்மா தீர்மானித்திருந்தார்.

“அதில ஐந்தரைக் கொத்துத்தானே அம்மா இருந்தது,” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

“எட்டாந் திகதிக்கு ஐந்தரை. என்ர பிடியில ஒன்பது போட்டால் ஒரு சுண்டு. இருபத்தஞ்சு மட்டும் பதினெட்டு நாள், பதினெட்டுப் பிடி. ரெண்டு சுண்டு. ஆறு கொத்துச் சரி.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, செபம் சொல்வதுபோல ஒரே தொனியில் சொன்னார். நான் மனதுக்குள் கூட்டினேன். ஆறு கொத்து இருபத்து நான்கு சுண்டு. இருநூற்றுப் பதினாறு பிடி. திருநாளிலிருந்து நான் பானையைத் திறப்பதற்கு முந்திய திங்கள்வரை இருநூற்று ஒன்பது நாள். பானையில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பிடி. மிச்சப் பதினொரு நாளும் எங்கே போயின என்று கேட்டேன்.

“சோறு வைக்காத நாள்கள். மரவள்ளி அவிச்சனாங்கள்.”

என் கொப்பியில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இருபது வருடமாக எழுதாமல் நடந்தது குத்துமதிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

“ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்ல?”

“நேர்ந்த அரிசியை எடுக்கப் போறனெண்டு பெத்த பிள்ளைக்கு எந்த வாயால சொல்லுறது?” பிறகு, “நான் எடுக்க நினைச்சன். அவர் உன்ர கையால எடுப்பிச்சுப்போட்டார்,” என்று படத்தைப் பார்த்தார்.

அது தண்டனை என்று அம்மா நம்பினார். நான் அப்படி நம்பவில்லை. ஆனால் அதை மறுத்துச் சொல்ல என்னிடம் இருந்தவை என் கை, என் சுண்டு, என் பட்டியல்; தண்டனை என்று நம்பியிருந்தால் அதுவே ஆறுதலாக இருந்திருக்கும். காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்கு நான் ஊட்டிய கஞ்சியும் அந்தப் பானையிலிருந்தே வந்தது என்பதை அவர் அப்போது உணர்ந்திருக்கவேண்டும். வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பதினான்கு வயதுத் தங்கைக்குப் புத்தகம் ஈட்டில் இருந்தது தெரியும். சங்கக்கடை வரிசையில் நிற்பவள் அவள். ராத்தாவின் கையில் என் புத்தகத்தைக் கண்டு அம்மாவைக் கேட்டிருக்கிறாள், அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். அரிசி எதிலிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. ஒருத்திக்கு ஈடு தெரியும், ஒருத்திக்குப் பானை தெரியும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம்.

அப்பாவுக்கு அன்று மாலை எல்லாம் சொல்லப்பட்டது. அவர் கோபிக்கவில்லை. அடுத்த நாள் விடிய மூதூர் லாஞ்சுப் படகில் ஏறி, அங்கிருந்து கிளிவெட்டிக்குப் போனார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே வயல் செய்தார். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பழைய நெல் முடிந்து அவர்களே அரிசியில்லாமல் குரக்கன் தின்றுகொண்டிருந்தார்கள். பின்னேரம் அப்பா ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கோடு திரும்பினார். “வயலைப் பாக்க வடிவாய்க் கிடக்கு,” என்றார். “பச்சையாய்த் தின்னத்தான் ஏலாது.”

வெள்ளிக்கிழமை, இருபத்தைந்தாந் திகதி, பின்னேரம் நான்கு மணியளவில் நான் தனியாக ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். விடுதியில் மற்றவர்களிடம் பேனைக்கு மை கேட்கவும் கூசுவேன். ஒழுங்கையைக் கடப்பதற்குள் சொல்லவேண்டிய வாக்கியத்தை மூன்று முறை திருத்தினேன்.

ராத்தா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மகள், இரிங்க. அம்மாக்கு எப்பிடி? எழும்பிட்டாவா?”

“ஓம் ராத்தா. நடக்கிறா.”

“அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்கு இருபத்தஞ்சு. அரிசியத் தங்கச்சி தூக்கிட்டு வாறாவா?”

திருத்திவைத்த வாக்கியம் மறந்துபோயிற்று. நடந்ததைச் சொன்னேன். ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். முடிவில் அவரால் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

“அப்ப உங்கட புத்தகத்த நீங்களே அவிச்சுச் சாப்பிட்டுட்டீங்க! படிச்ச புள்ளட வேலையப் பாருங்களன்.”

“மாக்கப்பல் வந்தவுடன அப்பா காசாய்த் தருவார், ராத்தா. ஐம்பது ரூபா.”

“காசத் தண்ணியில கரைச்சா நான் இடியப்பம் புழியிற? காசு என்னட்டயும் இரிக்கி மகள். அரிசிதான் இல்ல.”

உள்ளே போய் ஒரு பிஸ்கற் பேணியை எடுத்துவந்தார். துணியில் சுற்றியிருந்த என் கூப்பன் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அட்டையில் என் பெயர் என் கையெழுத்தில், கோடு கிழித்து எழுதியதுபோல நேராக இருந்தது. ஓரம் மடங்காமல் வைத்திருந்தார்.

“நான் அநியாயக்காரி இல்ல. இத நான் சும்மா தூக்கித் தந்தா நாளைக்குச் சங்கக்கடையில எனக்கு ஒரு பங்கு இல்ல. இஞ்சயும் அஞ்சு வாய் இரிக்கி.” தட்டொன்றை எடுத்து மறுபடியும் வைத்தார். “ஒண்டு செய்யலாம். நடுத் தங்கச்சிட புத்தகத்தக் கொண்டாங்க. இதக் கொண்டுபோங்க. ஆறு கொத்த எப்பத் தந்தாலும் சரி, அதத் திருப்பித் தருவன். உங்கட படிப்பும் கெடாது, எண்ட அடுப்பும் கெடாது.”

நியாயமான பேச்சு அது. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. பெட்டகத்தைத் திறந்து தங்கையின் புத்தகத்தை எடுத்துக் கதிரையின் மேல் வைத்தார். தங்கை நிலத்தில் இருந்து, கிளிவெட்டியிலிருந்து வந்த மரவள்ளியின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எடுங்கோ அம்மா, எடுங்கோ. அக்கா அங்க போய் என்ர அரிசியைச் சாப்பிட்டுப்போட்டுப் பாட்டுக்கு அர்த்தம் எழுதட்டும். நான் இஞ்ச இருந்து மரவள்ளிக்கு அர்த்தம் பாக்கிறன்.”

“வாயைப் பொத்து,” என்றார் அம்மா.

“பொத்தித்தானே வைச்சிருந்தனான், ஒரு மாசமாய்.”

அப்பா வாசற்படியில் இருந்தார். “அவள் சொல்லுறதில என்ன பிழை?” என்று வெளியைப் பார்த்தபடி சொன்னார். பிறகு, “ஆனா போறதுக்கு வேற வழியும் இல்லை,” என்றார். ஒன்றையொன்று வெட்டும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அவர் என்னைத் தனியே விட்டுவிட்டார்.

நான் கொப்பியை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. நான் போனால், நான்கு பேருக்கு மூன்று பங்கு. போகாவிட்டால், ஐந்து பேருக்கு நான்கு பங்கு. முக்காலும் ஐந்தில் நாலும். இரண்டுக்கும் இடையில் ஆளுக்கு ஒரு பங்கின் இருபதில் ஒன்றுதான் வித்தியாசம். கரண்டி நுனியில் நிற்கும் அளவு. அதை வைத்துப் போகலாம் என்றும் சொல்லலாம், போகக்கூடாது என்றும் சொல்லலாம். கணக்கு என் கையைப் பிடித்து எங்கேயும் கூட்டிப்போகவில்லை.

“கொண்டுபோங்கோ அக்கா,” என்றாள் தங்கை. குரல் தணிந்திருந்தது. “நான் பகிடிக்குச் சொன்னனான்.”

அப்படிச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். அதன் அட்டையிலும் பெயர் நேராக எழுதப்பட்டிருந்தது. என் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியவள் அவள். கத்தி உரித்த தோலையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மணிக்கட்டு எலும்பு வெளியே துருத்தி நின்றது; பதினேழு நாளாக அவளுக்குச் சோறு போட்டுக்கொடுத்த நான் அதை அன்றுதான் கண்டேன். கொப்பியில் அவள் ‘பேர்’ என்ற எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்று.

புத்தகத்தை எடுத்துப் பெட்டகத்துக்குள் திரும்ப வைத்தேன்.

“ஏன்?” என்றார் அம்மா.

“நான் போகேல்ல.”

“அறையை வேற பிள்ளைக்குக் குடுத்திடுவாங்கள்.”

“ஓம்.”

“பிறகு எப்ப?”

“ஆறு கொத்துச் சேர்ந்த பிறகு.”

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு பிழையை அது நடந்த இடத்திலிருந்து திருத்த விரும்பினேன், அவ்வளவுதான். அதற்கு விலையாக ஒரு வருடம் போயிற்று. என்னோடு படித்தவர்கள் முடித்துப் போன பிறகு, எனக்கு இளையவர்கள் நிறைந்த வகுப்பில் இருந்து இதை எழுதுகிறேன். அம்மா அன்று என்னைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. நான் கட்டிவைத்திருந்த உடுப்புப் பெட்டியை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலுமாரியில் அடுக்கினார். பெட்டியில் இருந்த ஏழு சேலைகளில் இரண்டு அவருடையவை. நான் கொண்டுபோவதற்காக வைத்திருந்தவை. அவற்றைத் தனியே தன் கொடியில் போட்டார். பிறகு படுக்கப் போனார்.

அடுத்த நாள் காலை, கண்டி பஸ் புறப்படும் நேரத்துக்கு, நான் தங்கையோடு சங்கக்கடை வரிசையில் நின்றேன். எங்களுக்கு ஆறு பேர் முன்னால் ராத்தா நின்றார். அவருடைய முறை வந்தபோது என் புத்தகத்தை நீட்டி என் பங்கை வாங்கிப் பையில் கொட்டினார். எங்களைக் கண்டு, “வெயில் ஏறுது, கெதியா வாங்கிட்டுப் போங்க,” என்றார். நான்கு புத்தகங்களுக்கும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மதியத்துக்கு அரிசி அளந்தேன். பானையில் ஒரு சுண்டு இருந்தது. இன்னும் இருபத்து மூன்று வேண்டும். அம்மாவின் கைக்கு அது இருநூற்றேழு நாள். என் கை சற்றுப் பெரியது. அளந்து பார்த்தேன், எட்டுப் பிடிக்கு ஒரு சுண்டு வந்தது. நூற்று எண்பத்து நான்கு நாள். சுளகிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பானைக்குள் போட்டு, மூடி, மிச்சத்தைக் களைந்து உலையில் இட்டேன்.